தோரின் நாளும் ஐந்தாம் நாளும்



சொல்லின் வரலாறு பற்றி ஆண்டுக்கொரு பொழிவு நிகழ வேண்டும் என்பது இந்தப் பொழிவுக்கான அறக்கட்டளையை நிறுவியவரின் விருப்பம். இந்த ஆண்டு ஏழே ஏழு சொற்களை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். வட அட்லாண்டிக் கடலில், நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஐஸ்லாந்துத் தீவின் கிழமைப் பெயர்கள் அவை. அவ்வளவு தொலைவுக்கு ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பெயர்களின் கதையைத் திறக்கும் சாவி நம் மொழியின் ஒரு சொல்லில் இருக்கிறது என்பதே என் பதில்.

அந்தச் சொல் கிழமை. கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஞாயிற்றுக்கு உரிய நாள். நம் இலக்கண நூலார் ஆறாம் வேற்றுமையின் பொருளையே கிழமைப் பொருள் என்பார்கள். தற்கிழமை, பிறிதின் கிழமை என்று அதைப் பிரித்தும் காட்டுவார்கள். இன்னாருடையது என்று சொல்வதுதான் கிழமை. தினசரிக் காலண்டரைக் கிழிக்கும்போது இது நமக்கு நினைவில் இருப்பதில்லை. ஆனால் 900 ஆண்டுகளுக்கு முன் ஐஸ்லாந்தின் வடக்கில் இருந்த ஓர் ஆயருக்கு அந்த நினைவு இருந்தது. நாள் யாருடையது என்ற கேள்வி அவரை உறுத்தியது.

முதலில் அங்கே இன்று புழங்கும் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு சுன்னுடாகுர், திங்கள் மாவ்னுடாகுர். இவ்விரண்டும் சூரியனின் நாள், நிலவின் நாள். செவ்வாய் த்ரித்யுடாகுர், அதாவது மூன்றாம் நாள். புதன் மித்விகுடாகுர், வார நடு நாள். வியாழன் ஃபிம்டுடாகுர், ஐந்தாம் நாள். வெள்ளி ஃபொஸ்டுடாகுர், நோன்பு நாள். சனி லோய்கர்டாகுர், குளியல் நாள்.

அண்டை மொழிகளில் இப்படி இல்லை. டேனிஷ், ஸ்வீடிஷ், நார்வீஜியன் ஆகிய மூன்றும் ஐஸ்லாந்து மொழியோடு ஒரே வயிற்றில் பிறந்தவை. அவற்றில் செவ்வாய் இன்னும் டீர் என்ற போர்த்தெய்வத்தின் நாள். புதன் ஓதினின் நாள், வியாழன் இடித்தெய்வமான தோரின் நாள், வெள்ளி ஃப்ரிக் தேவியின் நாள். பழைய ஐஸ்லாந்து மொழியிலும் இப்படியே இருந்தன: டீஸ்டாகர், ஓதின்ஸ்டாகர், தோர்ஸ்டாகர், ஃப்ரியாடாகர். பழைய மொழியை ஏறத்தாழ அப்படியே காத்து, இடைக்கால உரைநடையை இன்றைய பள்ளிப் பிள்ளையும் ஓரளவு வாசிக்கும்படி வைத்திருக்கிறது அந்த நாடு. அங்கே போய் இந்த நான்கு பெயர்கள் மட்டும் வழக்கொழிந்தன என்பது வியப்புக்குரியது.

காரணமாகச் சொல்லப்படுபவர் யோன் ஓக்முண்டார்சன். 1052-இல் பிறந்தவர். ஐஸ்லாந்து கிறிஸ்தவத்தை ஏற்றது 1000-ஆம் ஆண்டையொட்டி, அல்திங் என்ற பேரவையில். ஆக, யோன் பிறந்தபோது புதிய சமயத்துக்கு வயது ஐம்பதுதான். அவர் ஈஸ்லெய்வ் என்ற ஆயரிடம் பயின்றவர். ஐஸ்லாந்தின் முதல் ஆயரான ஈஸ்லெய்வ் 1056-இல் திருநிலை பெற்றார். அவர் படித்தது ஜெர்மன் நாட்டு சாக்சனியில், ஹெர்ஃபோர்டு என்ற ஊரில். இந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஈஸ்லெய்வின் மகன் கிஸ்ஸுர் அவருக்குப் பின் ஆயரானார். அவர் காலத்தில் வரி கட்டும் குடியானவர்களைக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கை ஆரி என்ற வரலாற்றாசிரியர் நூறு நூறாக எழுதி வைத்திருக்கிறார். அக்கால வழக்கப்படி நூறு என்பது 120. அப்படிப் பெருக்கிப் பார்த்தால் நாடு முழுவதும் சுமார் 4,500 குடிகள். நான்கு பகுதிகளில் வடக்குப் பகுதியே பெரியது. எங்களுக்கும் ஓர் ஆயர் வேண்டும் என்று வடக்கத்தியர் கேட்டார்கள், கிடைத்தவர் யோன். 1106-ஆம் ஆண்டு ஏப்ரல் 29, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காலத்தில் டென்மார்க்குக்கு உட்பட்டிருந்த லுண்ட் நகரில் பேராயர் அவரைத் திருநிலைப்படுத்தினார். வடக்கே ஹோலார் என்ற பள்ளத்தாக்கு ஊர் அவருடைய இருப்பிடமாயிற்று.

அவர் வரலாற்றைக் கூறும் நூல் 'யோன் சாகா'. திங்கெய்ரார் மடத்துத் துறவி குன்லோய்க் லெய்வ்சன் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லத்தீனில் எழுதியது. லத்தீன் மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. ஐஸ்லாந்து மொழிபெயர்ப்புகளே எஞ்சியிருக்கின்றன. அதில்தான் நம் செய்தி வருகிறது. டீர், ஓதின், தோர் என்ற பழைய சமயத்தாருக்கு நாட்களை உரிமையாக்கிப் பேசக் கூடாது. திருச்சபைத் தந்தையர் நூல்களில் வகுத்தபடி இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று எண்ணியே சொல்ல வேண்டும் என்று ஆயர் ஆணையிட்டார். உரிமையாக்குதல் என்ற பொருள் தரும் வினைச்சொல்லையே மூலம் இங்கே ஆள்கிறது. நம் இலக்கணக் கண்ணோடு பார்த்தால் ஆயர் நீக்கச் சொன்னது ஆறாம் வேற்றுமையைத்தான். ஓதின்ஸ், தோர்ஸ் என்ற சொற்களின் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த 'ஸ்' நம் 'உடைய'.

எண்ணிச் சொல்லும் முறை ஆயரின் கண்டுபிடிப்பு அன்று. திருச்சபை லத்தீனில் வாரநாட்களுக்கு எண்தான் பெயர். போர்ச்சுக்கல்லில் 6-ஆம் நூற்றாண்டில் பிராகா நகரத்து ஆயர் மார்ட்டின் இதே காரணத்துக்காக இதே கண்டனத்தை எழுதினார். இன்றும் போர்ச்சுகீசிய மொழியில் திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்றே எண்ணிக்கை. கிரேக்க மொழியிலும் திங்கள் முதல் வியாழன் வரை எண்கள்தான். ஐரோப்பாவின் இரு ஓரங்களில், ஐந்நூறு ஆண்டு இடைவெளியில், இரண்டு ஆயர்கள் ஒரே சொல்லோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள்.

யோன் சொல்லில் கவனமுள்ள மனிதர். ஹோலாரில் அவர் ஒரு பள்ளி தொடங்கினார். லத்தீன் கற்பிக்க இன்றைய ஸ்வீடனைச் சேர்ந்த கௌத்லாந்திலிருந்து ஓர் ஆசிரியரையும், இசை கற்பிக்க ஃபிராங்கு நாட்டுக் குரு ஒருவரையும் வரவழைத்தார். பின்னாளில் தாமே ஆயரான க்ளைங் என்ற மாணவன் ரோமானியக் கவிஞர் ஓவிடின் காதல் நூலை வாசித்ததைக் கண்டு தடுத்தார் என்கிறது சாகா. அதன் ஒரு வடிவத்தில் வரும் வேறொரு காட்சி என் மனத்தைவிட்டு நீங்காதது. இங்குன் என்ற பெண் அந்தப் பள்ளியில் லத்தீன் இலக்கணம் கற்பித்தாள். பிறர் லத்தீன் நூலை உரக்க வாசிக்க, அவள் கையில் பூவேலை நடந்துகொண்டிருக்கும். புனிதர்களின் கதைகளைத் துணியில் தைத்தபடியே, காதால் கேட்டுப் பிழை திருத்துவாளாம். 12-ஆம் நூற்றாண்டின் பனி நாட்டில் ஊசியும் இலக்கணமும் ஒரே மடியில்! கிழமைப் பெயர் மாறிய கதையில் இந்தப் பள்ளிக்குப் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஆணை போட்டவர் ஒருவர். அதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் அங்கே படித்து வந்த குருமார்கள்.

ஆயர் விலக்கிய பெயர்கள் எங்கிருந்து வந்தன என்பதை இப்போது பார்க்க வேண்டும். இங்கேதான் நம் வீட்டுப் பஞ்சாங்கம் துணைக்கு வருகிறது.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. ஏன் இந்த வரிசை? வானத்தில் கோள்களின் வரிசை இது இல்லை. பூமியிலிருந்து தொலைவின்படி பழையவர்கள் வகுத்த வரிசை சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். ஒரு நாளின் 24 மணிக்கும் இந்த வரிசையில் ஒவ்வொரு கோளாக ஆட்சி கொடுங்கள். சனிக்கிழமை முதல் மணி சனிக்கு. 22-ஆம் மணி மறுபடி சனிக்கு, 23 வியாழனுக்கு, 24 செவ்வாய்க்கு. அடுத்த நாளின் முதல் மணி ஞாயிற்றுக்கு வந்துவிடுகிறது. அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. இப்படியே தொடர்ந்தால் நம் ஏழு கிழமையும் வரிசை பிசகாமல் கிடைக்கும். நம் பஞ்சாங்கத்தில் ஹோரை என்று போட்டிருப்பது இந்த மணி ஆட்சியைத்தான். சொல்லே கிரேக்கத்திலிருந்து வந்தது.

இந்தக் கணக்கு மத்தியதரைக் கடலோரத்தில் உருவாகி இரு திசைகளிலும் பரவியது. கிழக்கே வந்தது இந்தியாவில் வேரூன்றியது. மத்தியப் பிரதேசத்து ஏரண் தூணில், புத்தகுப்தன் காலத்துக் கல்வெட்டில், 484-ஆம் ஆண்டின் ஒரு வியாழக்கிழமை குறிக்கப்பட்டிருக்கிறது. தமிழில் கோளறு பதிகம் பாடிய சம்பந்தர் ஏழு கோளையும் கிழமை வரிசையில்தான் அடுக்குகிறார். மேற்கே போனது ரோமானியப் படைகளோடும் வணிகர்களோடும் ரைன் ஆற்றங்கரைக்குச் சென்றது. அங்கிருந்த ஜெர்மானிய மக்கள் ரோமத் தெய்வங்களுக்கு ஈடாகத் தங்கள் தெய்வங்களை வைத்துப் பெயரை மொழிபெயர்த்தார்கள். செவ்வாய்க்கோளின் போர்த்தெய்வத்துக்கு ஈடாக டீர். ஓநாயின் வாயில் கையை வைத்து, அது கடித்துவிட ஒற்றைக் கையனான தெய்வம் அவன். புதனுக்கு ஓதின். வியாழனின் இடிக்குத் தோரின் சுத்தியல். வெள்ளிக்கு ஃப்ரிக். நாம் புதன்கிழமை என்று சொல்லும்போதும் ஸ்வீடன்காரர் ஓன்ஸ்டாக் என்னும்போதும் ஒரே கோளின் உரிமையைத்தான் இரு வாய்களால் சொல்கிறோம். உறவு சொல்லில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

ஃப்ரியாடாகர் என்ற வெள்ளிக்கிழமைப் பெயர் இன்னொரு செய்தியையும் காட்டிக்கொடுக்கிறது. வடமொழிகளில் (ஸ்காண்டிநேவிய வடக்கைச் சொல்கிறேன்) ஃப்ரிக் என்ற பெயரின் ஆறாம் வேற்றுமை ஃப்ரிக்யார் என்றுதான் வரும். ஃப்ரியா என்ற வடிவம் தெற்கே ஜெர்மானியர் வாயில் உருவானது. அதாவது வடவர் இந்த வாரத்தைத் தாங்களே படைக்கவில்லை. தெற்கிலிருந்து வந்ததை வாங்கிக்கொண்டார்கள். முன்னோரின் பழஞ்சமயச் சொத்து என்று நினைத்து ஆயர் எதிர்த்தது, உண்மையில் ரோமானிய வாரத்தின் மொழிபெயர்ப்பு.

சனிக்கு மட்டும் வடக்கில் ஈடான தெய்வம் கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் ரோமானியச் சனியின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். வடவர் அந்த நாளில் என்ன செய்தார்களோ அதையே பெயராக்கினார்கள்: குளியல் நாள். துவைக்கும் நாள் என்ற வேறு பெயரும் பழைய ஐஸ்லாந்து மொழியில் உண்டு. இந்தப் பெயரில் ஆயர் கைவைக்கத் தேவையே ஏற்படவில்லை.

லோய்க் என்றால் குளியல். ஐஸ்லாந்தில் வெந்நீர் ஊற்றுக்கும் அதுவே பெயர். நிலத்தடியில் எரிமலை கனன்றுகொண்டிருக்கும் நாட்டில் வெந்நீருக்கு அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. 1241-இல் கொல்லப்பட்ட வரலாற்றாசிரியர் ஸ்நோரி ஸ்துர்லுசன் குளித்த வட்டமான கல்தொட்டி ரெய்க்ஹோல்ட் ஊரில் இன்றும் இருக்கிறது. தலைநகர் ரெய்க்யவீக்கின் பெரிய கடைத்தெருவுக்கு லோய்கவேகுர் என்று பெயர். வெந்நீர் ஊற்றுக்குப் போகும் சாலை என்று பொருள். நகரத்துப் பெண்கள் அழுக்குத் துணி மூட்டையை முதுகில் சுமந்து, சுமார் மூன்று கிலோமீட்டர் நடந்து, அந்த ஊற்றுகளில் துவைத்து, ஈரத்தின் பாரத்தோடு திரும்பி வந்த வழி அது. கொதிநீரில் தவறி விழுந்து உயிர்விட்ட பெண்களும் உண்டு. அதற்குப் பிறகே ஊற்றின் மேல் இரும்புக் கிராதி பொருத்தினார்கள். அந்தத் தெருவின் பெயரிலும் சனிக்கிழமையின் பெயரிலும் இருப்பது ஒரே சொல்.

இங்கிலாந்தில் குடியேறிய டேனியர்கள் தினமும் தலை சீவுகிறார்கள், சனிக்கிழமைதோறும் குளிக்கிறார்கள், அதனால் எங்கள் பெண்கள் அவர்களிடம் மயங்கிவிடுகிறார்கள் என்று ஓர் ஆங்கிலத் துறவியின் வரலாற்று நூல் குறைபட்டுக்கொள்கிறது. ஆண்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று வழிவழியாக வந்த தமிழ் வீடுகளில் வளர்ந்த நமக்கு இதைப் படித்ததும் ஒரு நெருக்கம் தோன்றுவது இயல்பு. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை.

சரி, ஆயரின் ஆணை எவ்வளவு தூரம் பலித்தது? இரண்டாம் நாளிலிருந்து எண்ணச் சொன்னார். இரண்டாம் நாள் என்ற பெயர் நிலைக்கவில்லை. அது நிலவின் நாளாகவே நின்றுவிட்டது. நான்காம் நாள் வார நடு ஆயிற்று. ஆறாம் நாள் நோன்பு ஆயிற்று. மூன்றும் ஐந்தும் மட்டுமே ஆயர் சொன்னபடி எண்ணாகின.

வார நடு என்ற பெயருக்கு ஜெர்மன் மொழியில் ஏற்கெனவே முன்மாதிரி இருந்தது. அங்கே 1000-ஆம் ஆண்டையொட்டியே புதனை அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஹெர்ஃபோர்டை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஐஸ்லாந்தின் முதல் இரண்டு ஆயர்களும் சாக்சனியில் படித்தவர்கள். யோன் அவர்களில் மூத்தவரின் மாணவர். அந்த வழியாகவே இந்தச் சொல் வந்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஆகவே ஒரே ஆயர், ஒரே ஆணை, ஒரே நாளில் மாற்றம் என்று சாகா தரும் சித்திரத்தை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. புனிதர் வரலாறு எழுதுபவர் எல்லா நன்மையையும் தம் தலைவர் கணக்கில் எழுதுவது எங்கும் உள்ள வழக்கம். ஆனால் ஆயருக்குப் பங்கே இல்லை என்பாரையும் நான் ஏற்கவில்லை. நார்வேயிலும் டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் ஆயர்கள் இருந்தார்கள், மடங்கள் இருந்தன, இதே லத்தீன் நூல்கள் இருந்தன. அங்கெல்லாம் தோரின் நாள் அசையவில்லை. ஐஸ்லாந்தில் அசைந்தது என்றால், இரண்டே ஆயர் பீடங்கள், சில பள்ளிகள், சில ஆயிரம் குடிகள், ஆண்டுக்கொருமுறை எல்லாரும் கூடும் ஒரே பேரவை என்ற அளவில் சிறிய நாடு என்பதும், சொல்லைச் சொல்லாக மதித்த ஒருவர் அங்கே இருந்தார் என்பதும் சேர்ந்துதான் காரணம்.

நடுவழியில் நிற்கும் ஃபாரோ தீவுகளையும் பாருங்கள். அங்கே செவ்வாய் இன்றும் டீரின் நாள். புதன் பெரும்பாலான தீவுகளில் மிகுடாகுர், வார நடு. தெற்கேயுள்ள சுதுராய் தீவில் மட்டும் ஓன்ஸ்டாகுர், ஓதினின் நாள். ஒரு சின்னக் கடல் கால்வாய்க்கு இந்தப் பக்கம் வார நடு, அந்தப் பக்கம் ஓதின். ஆணையால் மட்டுமே சொல் மாறுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நிலைத்த பெயர்களை மறுபடி பாருங்கள். நோன்பு, குளியல், வார நடு. இவை மக்கள் செய்ததும் உணர்ந்ததும். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடக் கூடாது என்பதை அக்காலத்தில் குழந்தையும் அறிந்திருந்தது. அந்த நாளுக்கு ஃப்ரிக்கும் வேண்டாம், ஆறு என்ற எண்ணும் வேண்டாம். இயேசு இறந்த வெள்ளியை அங்கே நீண்ட நோன்பு நாள் என்கிறார்கள். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன், பெரிய வெள்ளி என்று கோள் பெயரோடே சொல்லிப் பழகிவிட்டார்கள். அதனால் அவர்கள் நம்பிக்கைக்குக் குறை வந்துவிடவில்லை. இதை யோன் ஆயரிடம் சொல்ல வாய்த்தால் அவர் என்ன விடை தருவார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

தோரின் பெயர் நாளிலிருந்துதான் போயிற்று, நாட்டிலிருந்து போகவில்லை. தோர்ஸ்டெய்ன், தோர்கெய்ர் என்று தோர் சேர்ந்த பெயர்கள் இன்றுவரை தொடர்கின்றன. கிறிஸ்தவத்தை ஏற்கலாம் என்று அல்திங்கில் தீர்ப்புச் சொன்னவரின் பெயரே தோர்கெய்ர். நாட்டின் மற்றோர் ஆயர் பீடமான ஸ்கால்ஹோல்டில் ஆயராக இருந்து 1193-இல் இறந்த தோர்லாக், ஐஸ்லாந்தின் சொந்தப் புனிதர். 1984-இல் இரண்டாம் ஜான் பால் திருத்தந்தை அவரை நாட்டின் பாதுகாவலராக அறிவித்தார். நாட்டைக் காக்கும் கிறிஸ்தவப் புனிதரின் பெயரின் முதல் பாதியில் இடித்தெய்வம் இருக்கிறது. யாரும் அதை மாற்றச் சொல்லவில்லை. ஒரு நாள் ஒருவருக்கு உரியதாவது வேறு, ஒரு பிள்ளைக்குப் பாட்டனாரின் பெயரை வைப்பது வேறு என்பதை அந்த மக்கள் தெளிவாகப் பிரித்துப் பார்த்தார்கள்.

இங்கிருக்கும் மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய ஐஸ்லாந்து மொழி கற்கக் கடினமானதுதான். ஆனால் நான்கு வேற்றுமை கொண்ட அந்த மொழி, எட்டு வேற்றுமை படித்து வளர்ந்த உங்களை மிரட்டாது. உங்களில் ஒருவராவது அதைக் கற்று, யோன் சாகாவை மூலத்திலிருந்தே தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். கிழமை என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. நாட்களை உரிமையாக்குவது பற்றிய அந்தப் பகுதியை நம்மைப் போல் மொழிபெயர்க்க வேறு பலரால் இயலாது.

கடைசியாக ஒரு செய்தி. யோன் ஆயர் 1121-ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று காலமானார். கணக்கிட்டால் அது சனிக்கிழமை, குளியல் நாள். 1200-இல் அல்திங் அவரைப் புனிதராக ஏற்றது. ஏப்ரல் 23 அவருக்குரிய திருநாளாயிற்று. ஐஸ்லாந்தில் கோடையின் முதல் நாள் என்று ஒரு பொது விடுமுறை உண்டு. பழைய நாட்காட்டியின்படி அது எப்போதும் ஏப்ரல் 19-க்கும் 25-க்கும் இடையில் வரும் வியாழக்கிழமை. 2015-இலும் 2020-இலும் அந்த வியாழன் ஏப்ரல் 23-ஆம் தேதியில் விழுந்தது. 2026-இலும் அப்படியே.